தனி ஆளாக மென்பொருள் ஸ்டூடியோ: உள்ளூர்த் தொழில்களுக்கு வேலை செய்ய இறங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

தனியாக மென்பொருள் எழுதிப் பிழைக்கலாம் என்று கிளம்பும் பலரும் முதலில் கேட்பது, எந்த மொழியில் எழுதலாம், எந்த சர்வரில் வைக்கலாம் என்றுதான். அதற்கு அரை நாளில் பதில் கிடைத்துவிடும். அதிகம் யோசிக்க வேண்டியது இன்னொன்று. நாளைக்கு ஒரு கிளினிக்கோ பழுதுபார்க்கும் பட்டறையோ உங்கள் நிரலை நம்பிக் கதவைத் திறக்கப் போகிறது. அது நின்றுபோனால் கூப்பிட உங்களைத் தவிர ஆள் கிடையாது. நீங்கள் காய்ச்சலில் படுத்திருக்கும் நாளிலும் அங்கே பில் போட்டாக வேண்டும். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்தக் கவலையிலிருந்து வந்ததுதான்.

முதலில் ஒரு தொழிலைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாத் தொழிலுக்கும் எழுதித் தருவேன் என்று தொடங்காதீர்கள். உங்களுக்கு ஏற்கெனவே ஓரளவு உள்விவரம் தெரிந்த தொழில் ஒன்று இருக்கும். வீட்டில் யாராவது பயிற்சி நிலையம் நடத்தியிருக்கலாம், நீங்களே படிக்கும் காலத்தில் உதிரிபாகக் கடையில் நின்றிருக்கலாம். அங்கிருந்து தொடங்குங்கள். முதல் பட்டறைக்கு எழுதும்போது கற்றதில் பெரும்பகுதி இரண்டாவது பட்டறைக்கு அப்படியே உதவும். பட்டறைக்கு அடுத்து கிளினிக், அப்புறம் அச்சகம் என்று தாவினால் ஒவ்வொரு முறையும் ஆரம்பப் பள்ளியில் சேர்கிற மாதிரி இருக்கும்.

வாடிக்கையாளரை எங்கே பிடிப்பது? சிறு தொழில்களுக்குக் கணக்கு பார்ப்பவர்களிடம் பேசுங்கள், அவர்களுக்குக் கணினி விற்று சரிசெய்து கொடுப்பவர்களிடம் பேசுங்கள். எந்தக் கடையில் எந்தக் கணக்கு மாதாமாதம் இடிக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். விளம்பரத்துக்குச் செலவழிப்பதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போனவர்கள் பின்னால் எழுதியதையே திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒரு கிடங்குக்கு உரிமையாளர் கேட்ட அறிக்கைகளையெல்லாம் எழுதிக் கொடுத்தேன். அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் சரக்கை உள்ளே வாங்கி வைக்கும் ஊழியருக்கு ஒவ்வொரு பொருளுக்கும் நான்கு திரைகள் கடக்க வேண்டியிருந்தது. வண்டி வாசலில் நிற்க, அவர் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவைத்து மாலையில் மொத்தமாகப் பதிந்தார். சில நாள் பதியவே இல்லை. அறிக்கைகள் அழகாக இருந்தன, எண்கள் தவறாக இருந்தன. பணம் தருபவரிடம் மட்டும் பேசி, பயன்படுத்துபவரைப் பார்க்காமல் விட்டது என் தவறு.

ஆகவே, காலையில் கதவு திறப்பதிலிருந்து மாலையில் கணக்கு முடிப்பது வரை ஓரமாக ஒரு நாற்காலியில் உட்காருங்கள். "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்பதைவிட, "நேற்று நடந்ததைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். மேசையில் எத்தனை நோட்டுகள் இருக்கின்றன, கணினித் திரையோரம் என்னென்ன சீட்டு ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். இப்போதைய முறையால் சமாளிக்க முடியாத ஏதோ ஒன்றுதான் அந்தச் சீட்டில் இருக்கும். மும்முரமான ஒரு மணி நேரத்தில் எத்தனை பில் போகிறது என்று எண்ணுங்கள். கடன் எப்படி எழுதுகிறார்கள்? பாதிப் பணம் கட்டிவிட்டுப் போனவரை எப்படி நினைவு வைத்துக்கொள்கிறார்கள்? திருப்பிக் கொண்டுவந்த பொருளை எங்கே பதிகிறார்கள்? ஒரே கணினியில் எத்தனை பேர் மாறி மாறி உட்காருகிறார்கள்? இணைய இணைப்பு போனால் என்ன செய்கிறார்கள்? கடைசிக் கேள்விக்கான பதில், நிரலை இணையத்தில் வைப்பதா அங்கேயே ஒரு கணினியில் வைப்பதா என்பதையே மாற்றிவிடும்.

இந்த ஒரு நாள் வேலைக்குத் தனியாகப் பணம் கேளுங்கள். பார்த்ததை இரண்டு மூன்று பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். அவர் அந்த எழுத்தை எடுத்துக்கொண்டு வேறொருவரிடம் வேலை கொடுத்தாலும் கவலையில்லை, உங்கள் உழைப்புக்குக் கூலி வந்துவிட்டது.

எதையெல்லாம் எழுதக் கூடாது

கணக்கியல், சம்பளக் கணக்கு, வரிக் கணக்கு, கார்டு வழியாகப் பணம் வாங்குவது. இவற்றை நீங்கள் எழுத வேண்டாம். வரி விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மாற்றத்தையும் ஒற்றை ஆள் துரத்திக்கொண்டிருக்க முடியாது. கார்டு எண்களை உங்கள் தரவுத்தளத்தில் வைத்தால் கார்டு நிறுவனங்களின் பாதுகாப்பு விதிகள் அத்தனையும் உங்கள் தலைமேல் வந்து உட்காரும். பணம் வாங்கித் தரும் சேவை நிறுவனத்தின் பக்கத்துக்கு அனுப்பிவிடுங்கள், கார்டு எண் உங்கள் சர்வரைத் தொடவே கூடாது.

ஆயத்தமாகக் கிடைக்கும் மென்பொருள் போதுமென்றால் அதையே சொல்லுங்கள். அதை நிறுவி, பழைய விவரங்களை ஏற்றி, ஆட்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் நல்ல வேலைதான். உங்கள் நிரல் தேவைப்படும் இடம் பெரும்பாலும் இரண்டு பொருட்களுக்கு நடுவில் இருக்கும்: கணக்கு மென்பொருளுக்கும் பட்டறையின் வேலைச்சீட்டுக்கும் நடுவில், முன்பதிவு நோட்டுக்கும் நினைவூட்டும் குறுஞ்செய்திக்கும் நடுவில். அந்த இடத்தைத்தான் யாரும் ஆயத்தமாக விற்பதில்லை.

எழுதி வைத்த ஒப்பந்தம்

தெரிந்தவர்தானே என்று வாய்ப்பேச்சில் தொடங்காதீர்கள். தெரிந்தவரிடம்தான் எழுத்து அதிகம் தேவை, மனத்தாங்கல் வராமல் இருக்க. இரண்டு பக்கம் போதும். சட்டம் தெரிந்த ஒருவரிடம் ஒருமுறை காட்டித் திருத்திக்கொண்டால் அதையே எல்லோருக்கும் பயன்படுத்தலாம்.

என்ன செய்து தருவேன் என்பதோடு, என்ன இதில் சேராது என்பதையும் எழுதுங்கள். சண்டைகள் பெரும்பாலும் சேராதவற்றில்தான் பிறக்கின்றன. வேலை முடிந்தது என்று எப்போது கொள்வது என்பதை அளக்கக்கூடிய வாக்கியமாக எழுதுங்கள்: "ஒரு நாள் பில்கள் அனைத்தையும் புதிய நிரலில் போட்டு, மாலைக் கணக்கு நோட்டுக் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும்" என்பது போல. கொடுத்த பிறகு இத்தனை நாளுக்குள் பிழை சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும் என்றும் ஒரு வரி சேருங்கள். நடுவில் வரும் புதுக் கோரிக்கைகளுக்கு விலையும் தேதியும் எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகே கைவைப்பேன் என்று எழுதுங்கள்.

நிரலின் உரிமை யாருக்கு? பல நாடுகளில், வெளியாள் எழுதிய நிரலின் பதிப்புரிமை, எழுத்தில் மாற்றித் தராதவரை எழுதியவரிடமே இருக்கும். பணம் கொடுத்தவர் எல்லாம் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருப்பார். நான் பரிந்துரைப்பது இது: அவருக்கென்று எழுதியது முழுப்பணம் வந்ததும் அவருக்கு, எல்லா வாடிக்கையாளருக்கும் பொதுவாக நான் பயன்படுத்தும் துண்டுகள் என்னிடம், அவற்றை என்றைக்கும் பயன்படுத்த அவருக்கு அனுமதி.

டொமைனையும் (இணையத்தில் அவர் தொழிலின் முகவரிப் பெயர்) சர்வர் கணக்கையும் வாடிக்கையாளர் பெயரிலேயே, அவர் மின்னஞ்சலிலேயே, அவர் பணத்திலேயே வாங்கச் சொல்லுங்கள். உங்கள் பெயரில் வாங்கி வைத்தால் முதலில் வசதியாகத்தான் இருக்கும். ஆனால் புதுப்பிக்கும் நினைவூட்டல் உங்களுக்கு வந்து, நீங்கள் கவனிக்காமல் விட்டால், அவருடைய பக்கமும் மின்னஞ்சலும் சேர்ந்தே நின்றுபோகும். .காம் டொமைன் காலாவதியாகிப் பதிவிலிருந்து நீக்கப்பட்ட பின் மீட்க 30 நாள் உண்டு, அதற்கும் கூடுதல் கட்டணம். அதுவும் கடந்தால் சில நாளில் யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். .காம் பெயரை 10 ஆண்டு வரை முன்கூட்டியே பதியலாம். தொழில் நிலைத்த ஒன்றென்றால் ஐந்தாண்டுக்காவது பதியச் சொல்லுங்கள்.

விலை

வாரம் ஐந்து நாள் உழைத்தால் பில் போடக்கூடிய வேலை மூன்று நாள்தான் என்று கணக்கு வையுங்கள். மீதி நாள் தொலைபேசியிலும், விலைப்புள்ளி எழுதுவதிலும், கற்பதிலும் போய்விடும். ஆண்டுக்கு வேண்டிய தொகையை, வாரம் மூன்று நாள் கணக்கில் ஓராண்டில் வரும் வேலைநாட்களால் வகுத்தால் உங்கள் நாள்கூலி கிடைக்கும். வெளியே சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

வாடிக்கையாளருக்கு மொத்த விலை சொல்வதே நல்லது, ஆனால் சிறு கட்டங்களாகப் பிரித்து. ஒவ்வொரு கட்டமும் மூன்று நான்கு வாரத்துக்குள் முடிந்து, அதற்குள்ளேயே அவருக்குப் பயன்படும் ஒன்றைத் தர வேண்டும். மூன்றில் ஒரு பங்கு முன்பணம் வராமல் தொடங்காதீர்கள். முன்பணம் தரத் தயங்குபவர் கடைசித் தவணைக்கும் தயங்குவார். வந்த பணத்தில் வரிக்கான பங்கை அன்றே வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். ஆறு மாதச் செலவுக்குச் சேமிப்பு இருந்தால்தான் தவறான வேலையை மறுக்கத் தைரியம் வரும்.

பழக்கப்பட்ட கருவிகள் போதும்

ஒரே மொழி, ஒரே தரவுத்தளம், ஒரே சர்வர் அமைப்பு. எல்லா வாடிக்கையாளருக்கும் அதுவே. மூன்று வாடிக்கையாளரிடம் மூன்று விதமான அமைப்பு இருந்தால், பிழை சொல்லி அழைப்பு வரும்போது எது எங்கே என்று நினைவுபடுத்தவே பத்து நிமிடம் போகும்.

நீண்ட ஆயுள் உள்ளதை எடுங்கள். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் 5 ஆண்டு ஆதரவு உண்டு. சர்வரில் ஓடும் இயங்குதளமான உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கும் 5 ஆண்டு. ஒரு கணினியில் ஓரிருவர் பயன்படுத்தும் நிரலுக்கு 2000ஆம் ஆண்டில் வெளிவந்த எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தளம் தாராளமாகப் போதும். தரவு முழுவதும் ஒரே கோப்பில் இருக்கும், 2050 வரை ஆதரவு தர எண்ணியிருப்பதாக அதை எழுதியவர்களே சொல்கிறார்கள். இணையப் பக்கங்களுக்கு 2005இல் ஒரு செய்தித்தாள் அலுவலகத்திலிருந்து வெளிவந்த ஜாங்கோ போன்ற ஆயத்தச் சட்டகம் ஒன்று. உள்நுழைவு, நிர்வாகத் திரை எல்லாம் அதிலேயே இருப்பதால் தனி ஆளுக்குப் பல வாரம் மிச்சம். நிரலில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட் இல்லாமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

சில வழக்கங்களை முதல் நாளிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். பணத்தைத் தசம எண்ணாகச் சேமிக்காதீர்கள். பெரும்பாலான மொழிகளில் சாதாரணத் தசம எண்ணாக 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். நாணயத்தின் மிகச் சிறிய அலகில் முழு எண்ணாக வைத்தால் மாலைக் கணக்கு இடிக்காது. பதிவான பில்லை அழிக்கும் பொத்தான் வைக்காதீர்கள். ரத்து என்று குறியுங்கள், யார் எப்போது ரத்து செய்தார் என்பதும் பதிவாகட்டும். ஒவ்வொரு ஊழியருக்கும் தனி உள்நுழைவு கொடுங்கள். எல்லோரும் ஒரே கடவுச்சொல்லைப் பகிர்ந்தால் கல்லாவில் பணம் குறையும் நாளில் எல்லோர் மேலும் சந்தேகம் விழும். தவறு செய்யாத ஊழியரைக் காப்பாற்றுவதும் உங்கள் நிரலின் வேலைதான்.

பழைய விவரங்களை ஏற்றுவது

இதற்குப் போடும் நேரத்தை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். பழைய தரவு பெரும்பாலும் எக்செல்லில் இருக்கும், எக்செல் தன் போக்கில் சிலவற்றை மாற்றியிருக்கும். எண்ணின் முன்னால் உள்ள சுழியம் காணாமல் போயிருக்கும். 15 இலக்கத்துக்கு மேல் உள்ள எண்ணில் மீதி இலக்கங்கள் சுழியமாகியிருக்கும். பொருள் குறியீடு தேதியாக மாறியிருக்கும். மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழுவே இந்தத் தேதித் தொல்லைக்காகச் சில மரபணுக்களின் பெயரை மாற்றியது, 2020இல் அதற்கான விதிகளையும் வெளியிட்டது. அதே ஆண்டு இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றுப் பதிவுகள் உரிய நேரத்தில் கணக்கில் வராமல் போயின. பழைய எக்செல் கோப்பு வடிவம் 65,536 வரிசைக்கு மேல் தாங்காது, மிஞ்சியவை சத்தமில்லாமல் வெட்டுப்பட்டன.

எனவே ஏற்றும் முன்னும் பின்னும் இரண்டு எண்களை ஒப்பிடுங்கள்: எத்தனை பதிவுகள், மொத்தத் தொகை எவ்வளவு. இரண்டும் ஒத்துப்போன பிறகு இருபது பதிவுகளைக் கையால் எடுத்துப் பாருங்கள். ஒரே வாடிக்கையாளர் மூன்று விதமான எழுத்தில் மூன்று பேராக இருப்பார். அவர்களை ஒன்றாக்குவது கடைக்காரரின் முடிவு, நீங்களாகச் சேர்த்துவிடாதீர்கள்.

மாற்றும் நாள்

மாதக் கடைசியில் வேண்டாம், விடுமுறைக்கு முந்தின நாளும் வேண்டாம். கூட்டம் குறைவான வாரத்தின் நடுநாளாகப் பாருங்கள். அன்று முழுக்க அங்கேயே இருங்கள். பழைய முறையை உடனே நிறுத்தாமல், ஒரு மாதக் கணக்கு புதியதில் ஒழுங்காக முடியும் வரை பக்கத்தில் ஓடவிடுங்கள். இரட்டை வேலை ஊழியர்களுக்குச் சுமைதான், அதனால் ஒரே ஒரு கவுன்டரில் மட்டும் தொடங்கலாம். பத்து மணிக்குள் சரியாகாவிட்டால் பழையதற்குத் திரும்பிவிடுவோம் என்று நேரம் குறித்து, முன்னாலேயே உரிமையாளரிடம் சொல்லிவையுங்கள். நெருக்கடியில் எடுக்கும் முடிவைவிட முந்தின நாள் எடுத்த முடிவு நிதானமாக இருக்கும்.

பேக்கப்: திரும்ப எடுத்துப் பார்த்தால்தான் உண்டு

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு ஊடகங்கள், ஒன்று வேறு இடத்தில். இந்த 3-2-1 விதி பலருக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் இழக்கிறார்கள்? 2017 ஜனவரி 31 அன்று, பலருடைய நிரல்களைச் சேமித்து வைக்கும் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தளக் கோப்புகளை அழித்துவிட்டார். மீட்கப் போனபோது, வைத்திருந்த ஐந்து வழிகளில் ஒன்றும் நம்பும்படி இயங்கவில்லை என்று தெரிந்தது. தினசரிப் பேக்கப், மென்பொருள் பதிப்புகள் பொருந்தாததால் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் அனுப்புநர் சரிபார்ப்பில் தடுக்கப்பட்டு யாருக்கும் போய்ச் சேரவில்லை. சுமார் ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் வேறு வேலைக்காக எடுத்து வைத்த பிரதிதான் காப்பாற்றியது. அத்தனை பொறியாளர்கள் இருந்த இடத்திலேயே இது நடந்தது. அதை அவர்கள் மறைக்காமல் முழுதாக எழுதி வெளியிட்டதால்தான் நாம் பாடம் கற்க முடிகிறது.

ஆகவே தோல்வியை அறிவிக்கும் செய்தியை நம்பாதீர்கள். வெற்றியைத் தினமும் அறிவிக்கச் செய்யுங்கள், அது வராத நாளில் எழுந்து பாருங்கள். மாதம் ஒருமுறை பேக்கப்பை எடுத்து வெற்றுக் கணினியில் ஏற்றி, நேற்றைய கடைசி பில் இருக்கிறதா என்று பாருங்கள். பிரதி வேறு இடத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில், சர்வர்களை வாடகைக்கு விடும் ஓவிஎச் நிறுவனத்தின் கட்டடம் எரிந்ததே சாட்சி. அதே வளாகத்தில் பேக்கப் வைத்திருந்தவர்களில் பலர் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள்.

பராமரிப்பு

ஒப்படைத்ததும் வேலை முடிந்துவிடாது. பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இணையதளங்களுக்கு இலவசமாகத் தரும் பாதுகாப்புச் சான்றிதழ் சில மாதங்களுக்குள்ளேயே காலாவதியாகும், அதற்குள் புதுப்பிக்கப்பட வேண்டும். 2029 மார்ச் முதல் எந்தப் பொதுச் சான்றிதழும் 47 நாளுக்கு மேல் செல்லாது என்று அத்துறையினர் முடிவெடுத்திருக்கிறார்கள். கையால் புதுப்பிக்கும் பழக்கத்தை இப்போதே விட்டுவிட வேண்டும்.

இதற்கெல்லாம் மாதக் கட்டணம் வாங்குங்கள், முதல் விலைப்புள்ளியிலேயே அதைச் சேருங்கள். எந்த நேரத்தில் கூப்பிடலாம், எவ்வளவு நேரத்தில் பதில் வரும், எது அவசரம் என்று மூன்றையும் எழுதிக் கொடுங்கள். பில் போட முடியவில்லை என்பது அவசரம், அறிக்கையில் நிறம் மாற வேண்டும் என்பது அடுத்த வாரம். எத்தனை வாடிக்கையாளர் வரை தாங்கும் என்பது எழுதும் வேகத்தைப் பொறுத்ததில்லை. ஒரே காலையில் இரண்டு பேரிடம் நிரல் நின்றால் சமாளிக்க முடியுமா என்று யோசித்து எண்ணிக்கையை முடிவுசெய்யுங்கள். எந்த ஒரு வாடிக்கையாளரும் உங்கள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதும் இதில் சேர்த்தி.

நீங்கள் இல்லாத நாளுக்கு

ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு கோப்புறை. நிரல் எங்கே இருக்கிறது, சர்வர் எது, பேக்கப் எங்கே போகிறது, நிரலைப் புதிதாக ஓடவைப்பது எப்படி, யாருக்கு எந்தக் கட்டணம் எந்தத் தேதியில். கடவுச்சொற்கள் பாஸ்வேர்ட் மேனேஜரில் இருக்கட்டும். முக்கியமான கணக்குகளின் மீட்புக் குறியீடுகளை அச்சிட்டு, மூடிய உறையில் உரிமையாளரிடமே கொடுங்கள். இப்படிக் கொடுத்தால் வேறு ஆளிடம் போய்விடுவாரே என்று பயப்பட வேண்டாம். போக வழி இருந்தும் உங்களிடம் இருப்பவர்தான் அடுத்தவரிடம் உங்களைப் பற்றிச் சொல்வார்.

உங்களைப் போலவே தனியாக வேலை செய்யும் ஒருவரோடு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்: என் வாடிக்கையாளரை நீ பார், உன் வாடிக்கையாளரை நான் பார்க்கிறேன், நோயோ பயணமோ வரும்போது. வாடிக்கையாளருக்கும் அவர் பெயரை முன்னாலேயே சொல்லி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு சனிக்கிழமை அந்த நண்பரை உட்காரவைத்து, கோப்புறையை மட்டும் கையில் கொடுத்து, காலிக் கணினியில் நிரலை ஓடவைக்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்து அறையில் இருங்கள். எந்தெந்த இடத்தில் அவர் உங்களைக் கூப்பிடுகிறாரோ, அந்தந்த வரியை அன்றே கோப்புறையில் எழுதிச் சேருங்கள்.